கினுயோ அக்காவின் மரக்குழி

என் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணாடியில் உங்கள் முகத்துக்குப் பின்னால் எதிர்ச்சாரி முழுவதும் தெரியும். அதில் நடுநாயகமாகத் தெரிவது கினுயோ அக்காவின் சைக்கிள் கடை. கடைக்கு முன்னால் நடைபாதையில் ஒரு மரக்குழி, அதில் ஒரு கற்பூர மரக் கன்று, கன்றைச் சுற்றி வெள்ளைக் கூழாங்கற்கள். முடி வெட்டிக்கொள்ள வருகிற புது ஆள் யாரும் அந்தக் கற்களைப் பற்றிக் கேட்காமல் எழுந்து போவதில்லை. ஒவ்வொரு தலைக்கும் ஒருமுறை சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன். இனிமேல் கேட்பவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும், நான் நிம்மதியாகக் கத்திரி பிடிக்கிறேன்.

அக்கா பிறந்தது வகயாமா மலைப்பக்கம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒசாகாவுக்கு வந்து சைக்கிள் செயின் செய்கிற தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கே இயந்திரம் பழுது பார்க்க வந்த செய்ஜி என்பவரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்த்து வைத்திருந்ததற்கு எங்கள் தெருவில் தீப்பெட்டி மாதிரி ஒரு கடைதான் கிடைத்தது. இரண்டு சைக்கிளை உள்ளே நிறுத்தினால் முதலாளி வெளியே நிற்க வேண்டும். ஆனால் வாசலில் பெரிய கற்பூர மரம் ஒன்று இருந்தது. செய்ஜி அண்ணன் அதன் அடியில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தவர்தான். கடை பாதி, மரம் பாதி என்று அவர்கள் பிழைப்பு ஓடியது. எங்கள் ஊர் கோடையில் தார் ரோடு குழைந்துபோகும். அந்த மரத்தடியில் மட்டும் காற்று வாசனையோடு வரும். டயருக்குக் காற்றடிக்க வந்தவன் காற்று வாங்க உட்கார்ந்துவிடுவான்.

அவர்களுக்குக் குழந்தை கிடையாது. அக்கா அதைப் பற்றிப் பேசியதும் கிடையாது, நாங்கள் கேட்டதும் கிடையாது. அண்ணன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அதற்குச் சில வருஷம் கழித்து அந்தப் பெரும்புயல் வந்தது. புயல் அடங்கி வெளியே வந்து பார்த்தால் மரம் வேரைக் காட்டிக்கொண்டு ரோட்டில் படுத்துக் கிடக்கிறது. கடைப் பக்கம் சாய்ந்திருந்தால் கடையே இருந்திருக்காது.

"விழும்போதும் மரியாதை தெரிஞ்ச மரம்," என்றாள் அக்கா. அவ்வளவுதான். உள்ளே போய் ஷட்டரை இறக்கிக்கொண்டாள்.

அந்தப் புயலில் ஊர் முழுக்க மரங்கள் விழுந்திருந்தன. எல்லாக் குழிகளிலும் திரும்பக் கன்று வைக்க முடியாது, சில குழிகளைத் தார் போட்டு மூடிவிடுவோம் என்று தெரு மரங்களையும் பார்த்துக்கொள்கிற பூங்கா அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மூடப்போகிற குழிகளில் எங்கள் தெருக் குழியும் ஒன்று. அக்கா தினமும் மத்தியானத்தோடு கடையைப் பூட்டிவிட்டு அந்த அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தாள். சிறுத்தைப் புள்ளி போட்ட சட்டை, தோளில் மிட்டாய்ப் பை. எங்கள் ஊர் அம்மணிகள் பை நிறைய மிட்டாய் வைத்திருப்பார்கள், எதிரே வருகிறவன் திருடனாக இருந்தாலும் ஒன்று கொடுக்காமல் விடமாட்டார்கள். அப்படி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்து, மரத்தைப் பற்றிப் பேசி, கடைசியில் தொகொரோ என்ற ஒல்லியான இளம் அதிகாரியைத் தெருவுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவர் குழியைச் சுற்றி வந்து பார்த்தார். "சரிம்மா, கன்று வைக்கிறோம். ஆனா குழியைப் பார்த்துக்கறது உங்க பொறுப்பு. மண்ணோ கல்லோ நடைபாதைக்கு வந்து ஜனங்களுக்குத் தொந்தரவா இருந்தா, குழியை மூடிடுவோம். கன்றைப் பேர்த்து வேற பூங்காவுக்குக் கொண்டுபோயிடுவோம்."

"சரி தம்பி. இந்தா, மிட்டாய்."

"பொதுமக்கள்கிட்ட எங்க ஆபீசுல எதுவும் வாங்கக் கூடாதும்மா."

"மிட்டாய் கூடவா? அதான் உங்க ஆபீசுல எல்லார் மூஞ்சியும் கசப்பா இருக்கு."

வசந்த காலத்தில் கன்று வந்தது. என் கடைத் துடைப்பக் கட்டையைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். தாங்குவதற்கு மூன்று கம்பு நட்டிருந்தார்கள். கம்புகள்தான் மரம் போலிருந்தன. அன்று சாயங்காலம் கவாபே அந்த வழியாக வந்தார். கவாபே கூரை வேலை செய்கிறவர், பகலில் தங்கமான மனிதர். சாயங்காலம் எங்கள் தெருவில் நின்றுகொண்டே குடிக்கிற கடைக்குப் போவார், திரும்பும்போது வேறு ஆளாக வருவார். அன்று இன்னும் போகவில்லை, வேறு ஆளாக ஆகவில்லை. அதனால் அவர் கேட்டது தெளிவாகக் கேட்டதுதான்.

"அக்கா, இந்தக் குச்சி நிழல் தர இருபது வருஷம் ஆகும். அதுக்குள்ள நாமெல்லாம் சாம்பலாப் போயிருப்போம். உனக்கு என்ன, புள்ளையா குட்டியா? யாருக்காக இந்தக் கூத்து?"

அக்காவிடம் வாய் கொடுத்து மீண்டவர் எங்கள் தெருவில் கிடையாது. அன்று மட்டும் அவள் கையிலிருந்த சைக்கிள் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அது தானாக நிற்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கவாபேயின் மண்டையில் சீப்பால் ஒன்று போடலாம் போலிருந்தது.

வெறும் மண்ணாக விட்டால் குழி குப்பைத்தொட்டியாகிவிடும் என்று அக்காவுக்குத் தெரியும். தரை துடைத்த தண்ணீரை ஊற்றுவார்கள், சிகரெட் துண்டை நட்டுவைப்பார்கள். வெள்ளைக் கல் கிடந்தால் அதன்மேல் எச்சில் துப்ப ஒருவனுக்கும் மனசு வராது என்பது அவள் கணக்கு. பட்டாணி அளவில் பளபளவென்று கல் வாங்கிக் கொட்டினாள். அழகென்றால் அழகு, மல்லிகை மொட்டைக் குவித்த மாதிரி இருந்தது. இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் பாதிக் கல் நடைபாதையில் உருண்டது. நாய் காலால் பறித்தது, மழை அடித்துக்கொண்டு போனது, சைக்கிள் டயர் கவ்விக்கொண்டு போனது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "பலே ஆளுய்யா கினுயோ," என்று என் நாற்காலியிலேயே உட்கார்ந்து பேசினார்கள். "பஞ்சர் வியாபாரத்துக்கு விதை விதைச்சிருக்கா." அது அவள் காதுக்கும் போனது. அதற்கு மேலும் அடி விழுந்தது. மே மாதம் பால் போடுகிற பெண்ணின் சைக்கிள் அந்தக் கல்லில் வழுக்கி, முழங்கால் சிராய்ந்து ரத்தம் வந்துவிட்டது. அக்கா ஓடிவந்து காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டு, சைக்கிளையும் சரிசெய்து கொடுத்தாள். ஆனாலும் தொகொரோ வந்துவிட்டார்.

"இது முதல் தடவை, அதனால எச்சரிக்கையோட விடறேன். இன்னொரு தடவை நடந்தா என் கையில ஒண்ணும் இல்லை."

அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கத்திலும் கல்தான். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதெல்லாம் ஒரு வேலையா, வானமே ஊற்றிவிடும். கல்லை ஓரிடத்தில் நிற்கவைப்பது இருக்கிறதே, அது ஆட்டு மந்தையை மேய்க்கிற வேலை. ஹார்டுவேர் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஒரு பசையை வாங்கி ஊற்றினாள். கல் சிலை மாதிரி நின்றது. தண்ணீரும் மேலேயே நின்றது. உள்ளே இறங்க வழியில்லாமல் கன்றின் இலை மஞ்சளாகப் போயிற்று. அவ்வளவு பசையையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தி எடுத்தாள். அப்புறம் மண்ணை இரண்டு விரற்கடை தோண்டி எடுத்து, குழியின் விளிம்பைவிடத் தாழ்வாக்கினாள். விளிம்பை ஒட்டி உள்பக்கமாகப் பழைய டயரைப் புதைத்தாள். பட்டாணிக் கல்லை அள்ளிவிட்டுக் காடை முட்டை அளவில், கொஞ்சம் தட்டையான ஆற்றுக் கல்லாகப் பார்த்துப் போட்டாள். உருண்டைக் கல் ஓடும், தட்டைக் கல் உட்காரும்.

கல் நின்றது. மழைக்கு நின்றது, சைக்கிளுக்கு நின்றது, நாய்க்குக்கூட நின்றது. கவாபேக்கு மட்டும் நிற்கவில்லை.

குடித்துவிட்டுத் திரும்புகிற கவாபேக்கு வீடு வரை தாங்காது. பாதி வழியில் இந்தக் கன்றின் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்று ஒன்றுக்குப் போவார். போகும்போது ஒரு பாட்டு வரும், பாட்டுக்குத் தாளமாகக் கல்லை உதைப்பார். காலையில் கேட்டால், "நானா? ச்சே, ச்சே," என்பார். சத்தியமாகவே அவருக்கு ஞாபகம் இருக்காது. அவருடைய கூட்டாளிகளும் அதே ரகம்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு பழைய மருந்து உண்டு. எந்தச் சுவரில் ஆண்கள் ஒதுங்குகிறார்களோ, அங்கே கோயில் முகப்பில் நிற்கிற சிவப்புத் தோரணவாசலைச் சின்னதாகச் செய்து வைத்துவிடுவார்கள். எப்பேர்ப்பட்ட குடிகாரனும் அதைப் பார்த்தால் ஜிப்பை ஏற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவான். அக்கா கடையில் ஆணியில் தொங்கிய ஒரு பழைய சைக்கிளின் முன் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரட்டைக் காலை, எடுத்தாள். ஏற்கனவே சிவப்பு. மேல்தண்டை அறுத்தாள், மேலே ஹேண்டில் பார் ஒன்றைக் குறுக்கே வைத்து நட்டுப் போட்டு இறுக்கினாள், அதற்குக் கீழே இன்னொரு கம்பியைக் கட்டினாள். கொண்டுபோய்க் கற்களுக்கு நடுவில் நட்டாள். நான் கையைத் தட்டினேன்.

அன்று இரவு கவாபே வந்தார், கம்பைப் பிடித்தார், குனிந்து பார்த்தார், சத்தமில்லாமல் போய்விட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை. சுவரோரம் வைத்த தோரணவாசல் என்றால் எதற்கு என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இவள் வைத்ததோ மரத்தடியில். சுற்றிலும் வெள்ளைக் கல், நடுவில் கற்பூர மரம், எதிரே சிவப்பு வாசல். அசல் கோயில் இதைவிட வேறு எப்படி இருக்கும்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

முதலில் பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தர் தலை குனிந்து, கையை இரண்டு தட்டுத் தட்டிக் கும்பிட்டார். மறுநாள் ஓட்டை போட்ட ஐந்து யென் காசு ஒன்று கிடந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "யசுதா, என் ஃபோர்க்குக்கு யோகத்தைப் பாரு. பத்து வருஷம் ஆணியில தொங்கிச்சு, இன்னைக்குக் காணிக்கை வாங்குது."

அப்புறம் மிசுசு வந்தாள். தெருக்கோடி மருந்துக் கடையில் வேலை செய்கிற பெண், நிறைமாதம். அதே தெருக்கோடியில்தான் பிரசவ ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் அவள் தோரணவாசல் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து ஒரு கல்லை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு கோயிலிலிருந்து கல் எடுத்துப்போகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. நான் கண்ணாடியில் பார்த்தேன், ஒரு கல்தானே என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் அவளுக்குப் பெண் பிறந்தது. கஷ்டமில்லாத பிரசவமாம். அவள் கட்டிலில் கல்லைக் கையில் பிடித்திருந்ததைப் பக்கத்துக் கட்டில் பார்த்தது, பக்கத்துக் கட்டில் அதற்கடுத்த கட்டிலுக்குச் சொன்னது. அவ்வளவுதான். வயிற்றைத் தள்ளிக்கொண்டு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். புருஷன்மார்கள் ஆபீஸ் பையோடு வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு கல்லை அமுக்கிக்கொண்டு போனார்கள். அக்கா இன்னொரு மூட்டை வாங்கிக் கொட்டினாள். அதுவும் கரைந்தது. யாரையும் தடுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

"வயித்துப் புள்ளக்காரிகிட்டப் போய், ஏம்மா அது சாமி இல்ல, சைக்கிளுன்னு எப்படிச் சொல்றது? நீ சொல்லேன்," என்றாள் என்னிடம்.

"எனக்கு எதுக்கு வம்பு?"

செப்டம்பரில் தொகொரோ வந்தபோது குழியில் பாதிக்கு மேல் வெறும் மண். முந்தின நாள் மழையில் அது கரைந்து நடைபாதையில் செம்மண் ஆறாக ஓடியிருந்தது. அவர் மண்ணைப் பார்த்தார், சிவப்பு வாசலைப் பார்த்தார், காசுகளைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, இது கோயிலா?"

"ஃபோர்க்கு தம்பி. இருபத்தாறு இஞ்சு."

"ஃபோர்க்குக்கு யாராவது காணிக்கை போடுவாங்களா? பொது இடத்துல கோயில் சம்பந்தமா எதையும் எங்களால அனுமதிக்க முடியாது. எனக்கே வேலை போயிடும். இதை இன்னைக்கே எடுத்துடுங்க. அப்புறம் மண்ணு இப்படி ஓடினா நான் குழியை மூடித்தான் ஆகணும். பனிக்காலம் தொடங்கறதுக்கு முன்னால ஒருநாள் வருவேன். என்னைக்குன்னு சொல்லமாட்டேன். அன்னைக்குக் குழி முழுக்கக் கல் இருக்கணும், ஒரு கல்லும் வெளிய இருக்கக் கூடாது. இதுதான் கடைசி."

அக்கா தோரணவாசலைப் பிடுங்கிக்கொண்டுபோய்த் திரும்ப ஆணியில் மாட்டினாள். அன்று ராத்திரியே கவாபேயின் பாட்டு கேட்டது. மிச்சமிருந்த கல்லும் தாளம் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தது. கோயில் என்றால் பக்தர்கள் எடுத்துப்போகிறார்கள், கோயில் இல்லை என்றால் குடிகாரர்கள் உதைக்கிறார்கள். இருதலைக் கொள்ளி எறும்பு என்பது இதுதான்.

இன்னொரு மூட்டை வாங்கிப் போடேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "நிக்காத கல்லை வாங்கிக் கொட்டறது, பஞ்சரான டியூபுல காத்தடிக்கிற மாதிரி," என்றாள். குரலில் சுரத்தே இல்லை. கன்று அதற்குள் ஒரு முழம் வளர்ந்திருந்தது. அதன் இலை ஒன்றைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "பூங்காவுக்குக் கொண்டுபோனாலும் நல்லாத்தான் பார்த்துப்பாங்க. இல்ல?" நான் கடைக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

கல் எடுத்துப்போகிற வழக்கத்துக்கு இன்னொரு பாதியும் இருக்கிறது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் எடுத்த கல்லைக் கொண்டுவந்து வைக்க வேண்டும், கூட இன்னொரு கல்லும் வைக்க வேண்டும். ஒன்று வாங்கினால் இரண்டாகத் திருப்ப வேண்டும். இது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆனால் அது கோயிலுக்கு உள்ள முறை. சைக்கிள் ஃபோர்க்குக்கு யார் முறை செய்வார்கள்? அந்த ஃபோர்க்கும் இப்போது இடத்தில் இல்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிசுசு வந்தாள். குழந்தையை முதல்முதலாகக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டு வருகிற வழி. கூடப் புருஷனும் கோட்டு சூட்டோடு இருந்தான். அவள் குழி முன்னால் நின்று திருதிருவென்று விழித்தாள். அக்கா டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நான் வாசலுக்கே வந்துவிட்டேன்.

"வாசல் எங்கக்கா?" என்றாள் மிசுசு.

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஆபீசுல எடுக்கச் சொன்னாங்கம்மா. எடுத்துட்டேன். உன்கிட்ட உள்ளதைச் சொல்லிடறேன், கோவிச்சுக்காதே. அது சாமி இல்ல. குடிகாரப் பசங்க ஒண்ணுக்குப் போகக் கூடாதுன்னு நான் வெச்ச சைக்கிள் ஃபோர்க்கு. உள்ள தொங்குது பாரு."

மிசுசு உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "எனக்கு அன்னைக்கே தெரியும்கா. பின்பக்கம் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சே."

"தெரிஞ்சுமா கல்லை எடுத்தே?"

"பயமா இருந்துச்சுக்கா. எங்கம்மா இல்ல. கையில பிடிச்சுக்க ஏதாவது ஒண்ணு வேணும்போல இருந்துச்சு."

அக்கா மிட்டாய்ப் பைக்குள் கையை விட்டாள், வெறுங்கையை வெளியே எடுத்தாள். மிசுசு குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுக் கைப்பையிலிருந்து இரண்டு கல்லை எடுத்தாள். ஒன்று இங்கிருந்து போன கல், சுத்தமாகக் கழுவியிருந்தது. இன்னொன்று புருஷன் ஊர் ஆற்றிலிருந்து கொண்டுவந்ததாம். ஆற்றுக் கல்லில் அழியாத கறுப்பு மையில் குழந்தையின் பெயர் எழுதியிருந்தது. கோஹாரு.

"ஃபோர்க்கோ சாமியோ, கடன் கடன்தானே," என்றாள். இரண்டையும் கன்றின் அடியில், பெயர் மேலே தெரியும்படி வைத்தாள்.

கட்டிலுக்குக் கட்டில் போன செய்தி இப்போது வேறு விதமாகப் போனது. ஃபோர்க்கு சாமி என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டு சிரித்தார்களாம். சிரித்தார்கள், ஆனால் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்தார்கள். தள்ளுவண்டியில் படுக்கவைத்து, மார்பில் கட்டிக்கொண்டு, சைக்கிளின் முன்கூடையில் கல்லைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இத்சுகி, நாகோமி, தைகா, சுயு. ஊரில் இவ்வளவு பிள்ளைகள் பிறக்கின்றனவா என்று எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. வருகிற தலையெல்லாம் வழுக்கையாக வருகிறதே, தொழில் இனி அவ்வளவுதான் என்று நினைத்திருந்தவன் நான்.

குழி நிறைந்தது. அதற்கும் மேலே வந்தது. இப்போது பெயர் போட்ட கல் விளிம்பைத் தாண்டி விழுந்துவிடுமோ என்று அக்காவுக்குப் புதுக் கவலை. உபரிக் கல்லைக் கூடையில் அள்ளிக்கொண்டுவந்து என் கடை முன்னாலிருந்த மரத்தடியில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பரப்பிவிட்டுப் போனாள். "இனிமே இதுல ஒண்ணு வெளிய கிடந்தாலும் உன் தலையைத்தான் உருட்டுவேன்," என்றாள். அவளுக்குச் சுரத்து திரும்பிவிட்டது.

ஒரு சாயங்காலம் கவாபே வழக்கம்போல வந்தார். கம்பைப் பிடித்தார். பாட்டும் வந்துவிட்டது. உதைக்கத் தூக்கிய கால் அப்படியே நின்றது. கஷ்டப்பட்டுக் குனிந்து, கடை வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லாக வாசித்தார். "கோஹாரு... தைகா... மன்னிச்சுக்கோங்கடா," என்று சொல்லிவிட்டு, குழி ஓரமாக நகர்ந்திருந்த ஒரு கல்லை இரண்டு கையாலும் எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போனார். தோரணவாசல் ஒன்றும் அவரை அப்படிக் குனியவைத்ததில்லை.

தொகொரோ வந்தது நவம்பரில், ராத்திரி முழுக்க மழை கொட்டின மறுநாள் காலை. அந்த நேரம் பார்த்துக் கவாபே என் நாற்காலியில் இருந்தார், முகம் முழுக்கச் சோப்பு நுரை. கண்ணாடியில் தொகொரோவின் கறுப்புக் குடை தெரிந்ததும் கத்தியைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு ஓடினேன்.

"என்னய்யா ஆச்சு?" என்று உள்ளிருந்து கவாபே கத்தினார்.

"பேசாம இரு."

அக்கா கடை வாசலில் நின்றாள். கெஞ்சவில்லை, மிட்டாய் நீட்டவில்லை. தொகொரோ குழியைச் சுற்றி ஒரு முறை வந்தார். மண் கரையவில்லை. சிவப்பு வாசல் இல்லை. காசு இல்லை. அப்புறம் நின்றார். குழிக்கு வெளியே, நடைபாதையின் ஓரத்தில், ஒரு கல் கிடந்தது. ராத்திரி மழை தள்ளியிருக்க வேண்டும். நான் அதைக் கவனிக்கவில்லை, அக்காவும் கவனிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கன்றைப் பேர்த்தெடுக்க இந்த ஒரு கல் போதும்.

தொகொரோ குனிந்து அதை எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

"சுயு," என்று வாசித்தார். "யாரு இது?"

"போன வாரம் கொண்டுவந்து வெச்சாங்க. எடை ரொம்பக் கம்மியாப் பொறந்துச்சாம். இப்பத் தேறிடுச்சாம்," என்றாள் அக்கா.

அவர் கல்லில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார். குடையிலிருந்து அவர் முதுகில் தண்ணீர் சொட்டியது. அப்புறம் உட்கார்ந்து, கற்களுக்கு நடுவில் ஓர் இடம் ஒதுக்கி, சுயுவைப் பெயர் மேலே தெரியும்படி வைத்து, ஆட்டிப் பார்த்து, ஆடாமல் அழுத்திவிட்டு எழுந்தார்.

"கோயில் சம்பந்தமான பொருள் எதுவும் இல்லை. குழி முழுக்கக் கல் இருக்கு," என்று தனக்குத்தானே சொல்கிற மாதிரிச் சொன்னார். "வெளிய கல் எதுவும் நான் பார்க்கலை. மரம் இங்கயே இருக்கட்டும்மா."

அக்கா பைக்குள் கையை விட்டு மிட்டாயை நீட்டினாள். அவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார்.

அக்கா அங்கேயே நிற்பாள், அழுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் நேராக ரோட்டைக் கடந்து என் கடைக்குள் வந்தாள். கவாபே நுரை காய்ந்துபோன முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணாடியிலேயே அவளுக்குப் பின்னால் கன்றும் வெள்ளைக் கற்களும் தெரிந்தன.

"கவாபே, அன்னைக்கு ஒண்ணு கேட்டியே. நிழல் வர இருபது வருஷம் ஆகும், யாருக்காக இந்தக் கூத்துன்னு."

கவாபே வாயைத் திறந்தார். நுரை உள்ளே போயிற்று.

"அந்தப் பசங்களுக்கு அப்ப இருபது வயசு. எல்லாரும் சைக்கிள்ல வருவாங்க, யாருக்காவது பஞ்சர் ஆகும், கொஞ்ச நேரம் நிழல்ல உட்காருவாங்க. யாருக்காகன்னு கேட்டியே, போய்ப் படிச்சுப் பாரு. பேரு எழுதியிருக்கு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணோடு கத்தி பிடிக்கக் கூடாது என்று கொஞ்ச நேரம் பொறுத்து, அவர் முகத்தில் புதிதாக நுரை போட ஆரம்பித்தேன்.